லாட்ஜ் வைஃபையும் திறந்து கிடக்கும் டேலி ஃபோல்டரும்

பாஸ்வேர்டை வலுவாக வையுங்கள், ஆன்டிவைரஸ் போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கமிருந்து புதிதாக லேப்டாப்போடு ஆர்டர் பேசக் கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்.

ஆபீஸ் ஷேரிங்கை அப்படியே வெளியூருக்கு எடுத்துப்போவது

பனியன் கம்பெனி ஆபீஸில் பிரிண்டர் வரவில்லை. பக்கத்து சிஸ்டத்தில் டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) டேட்டா தெரியவில்லை. ஷேரிங்கைத் திறக்கப் போனால் விண்டோஸ் கேட்கும்: இந்த ஒரு நெட்வொர்க்கை மட்டும் பிரைவேட் ஆக்கவா, இல்லை எல்லாப் பப்ளிக் நெட்வொர்க்கிலும் திறந்துவிடவா? சர்வீஸுக்கு வந்த தம்பி இரண்டாவதை அமுக்குவார். ஃபோல்டருக்கு ‘எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்து, பாஸ்வேர்டு கேட்பதையும் நிறுத்திவிட்டு, “எல்லாத்துக்கும் தொறந்து உட்டுட்டனுங்ணா” என்று கிளம்பிவிடுவார். பிரிண்ட் வந்துவிடும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. அந்த அனுமதி ஆபீஸோடு நிற்பதில்லை. கோவை காந்திபுரம் லாட்ஜில் வைஃபை போட்டால், அதே வைஃபையில் இருக்கும் அடுத்த அறைக்காரருக்கும் ஃபைல் ஷேரிங்குக்கான வாசலான 445ஆம் போர்ட் திறந்துதான் இருக்கும். பில், பார்ட்டி பாக்கி எல்லாவற்றையும் அவர் எடுக்கலாம், அழிக்கலாம். அவருடைய லேப்டாப்பில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்திருந்தால் அவருக்கே தெரியாமல் உங்கள் ஃபோல்டர் பூட்டப்படும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியதும் இதே போர்ட் வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. விபிஎன் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது வெளியே போகும் தகவலை மறைக்கும். அதே வைஃபையிலிருந்து உள்ளே வருகிறவரைத் தடுக்கும் என்று நம்பக்கூடாது.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் என்று போங்கள். பப்ளிக் பகுதியில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். ஆல் நெட்வொர்க்ஸில் பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். ஆபீஸ் வைஃபையை மட்டும் பிரைவேட் ஆக்குங்கள். இதை விட்டால் பிரிண்டர் நின்றுபோய், யாராவது மறுபடி எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள். ஃபோல்டரில் ‘எவ்ரிஒன்’னை எடுத்துவிட்டு, கணக்குப் பார்ப்பவருக்குத் தனி யூசர் கொடுங்கள். கடைசியாக கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட் ஷேர்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஷேர் ஆன எல்லாம் பட்டியலாக வரும். டாலர் குறியில் முடிபவை பெரும்பாலும் விண்டோஸ் தானே வைத்தவை. மற்றதில் தேவையில்லாததை நிறுத்துங்கள்.

பாஸ்வேர்டு உள்ள வைஃபை பத்திரம் என்று நம்புவது

ரிசப்ஷனில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றுதான். டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் ஓடும் வைஃபையில் அந்தப் பாஸ்வேர்டு தெரிந்தவர், நீங்கள் இணையும் நொடியைப் பதிவு செய்துவிட்டால், அதன்பின் போய்வருவதைப் பிரித்துப் பார்க்கலாம். எச்டிடிபிஎஸ் (முகவரி https என்று தொடங்கும்) தளங்களின் உள்ளடக்கம் அப்போதும் தப்பும்.

சான்றிதழ் எச்சரிக்கையைத் தாண்டுவது

தளம் போலியாக இருக்கலாம் என்று பிரவுசர் காட்டும் எச்சரிக்கை இது. தாண்டாதீர்கள். பக்கத்தை மூடுங்கள்.

பழைய வைஃபையில் தானாக இணைவது

பாஸ்வேர்டு இல்லாத வைஃபையின் பெயரை யார் வேண்டுமானாலும் தன் ஹாட்ஸ்பாட்டுக்கு வைக்கலாம். பழைய வைஃபை என்று நினைத்து லேப்டாப் அதில் இணைந்துவிடும். வேலை முடிந்ததும் ‘ஃபர்கெட்’ கொடுங்கள்.

பேங்க், ஜிஎஸ்டி வேலை

போன் ஹாட்ஸ்பாட்டில் மட்டும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.