இரண்டாவது கியர் கடித்தது ஏன்?

மார்கழிக் காலையில் காரில் அழகர்கோவில் ரோட்டில் ஏறினாலே இரண்டாவது கியர் நறநறவென்று கடிக்கும். கிளட்ச் போச்சு என்றே பயந்தேன். மாட்டுத்தாவணிப் பக்கத்து மெக்கானிக் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, கடைசியா என்ன ஆயில் ஊத்துனீங்க?"

பில்லில் ஜிஎல்-5 தர கியர் ஆயில். கார் கையேட்டிலோ 75டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டித்தன்மை), ஜிஎல்-4 தரம். எண் பெரிசு என்பதால் ஆயில் உசத்தி ஆகிவிடாது. ஜிஎல்-5 முக்கியமாகப் பின் ஆக்சிலில் பல்கள் அழுந்தி வழுக்கிச் சுழலும் ஹைப்பாய்டு பல்சக்கரங்களுக்கானது. கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் கூடுதல். கியர்பாக்ஸில் சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையம் உராய்ந்து பிடித்தால்தான் கியர் மெத்தென்று விழும், இந்தச் சேர்மானத்தால் வழுக்கினால் கடிக்கும். நாளானால் அந்தச் சேர்மானம் பித்தளையையே அரிக்கக்கூடும்.

ஆயில் வெதுவெதுப்பாக இருக்கையில் வடித்தோம். அதற்கு முன்பே ஊற்றும் துளையின் போல்ட் கழல்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வடித்தபின் அது இறுகிக்கிடந்தால் வண்டி அங்கேயே நிற்கும். சமதளத்தில் நிறுத்தி, துளை விளிம்பில் வழியும்வரை ஜிஎல்-4 ஊற்றினோம். மறுநாள் காலையிலேயே சத்தம் பாதியானது. வாரத்தில் அறவே நின்றது.