அதிர்ஷ்டத்துக்குத் தேதி போடுங்கள்

காஞ்சிபுரத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பேச்சுப்போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார்கள். "அவருக்கு யோகம் டீச்சர், பிரதமராகிட்டார்" என்று யாராவது சொன்னால் உடனே நோட்டை எடுக்கச் சொல்வேன். யோகம் எவ்வளவு, உழைப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் சொல்லித்தரும் வழி இது. உதாரணத்துக்கு 1991-ல் பிரதமரான பி.வி. நரசிம்ம ராவை எடுத்துக்கொள்வோம்.

முதலில், திருப்பத்துக்கு முந்தைய நாள் அவர் எங்கே நின்றார் என்று எழுதுங்கள். 1991 மே 20. வயது 69. இதய அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அந்தத் தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. டெல்லியை விட்டு ஹைதராபாத் திரும்ப ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

அப்புறம், அவர் கையில் இல்லாத நிகழ்ச்சிகளை எழுதுங்கள். தேதியோ இடமோ பெயரோ போட முடியாத வரியை அடித்துவிடுங்கள். ஜாதகம் இங்கே சேராது. மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். காங்கிரஸ் கட்சித் தலைமையை ஏற்க சோனியா காந்தி மறுத்தார். பிரதமர் பதவிக்குப் பேசப்பட்டிருக்கக்கூடிய என்.டி. திவாரி நைனிடாலில் தோற்றார். இந்தப் பக்கத்துக்கு 'அதிர்ஷ்டம்' என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். அன்று ராஜீவோடு பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள், போலீஸ்காரர்களும் அதில் உண்டு. பக்கத்து ஊர்க்காரியான எனக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வராது. 'அவர் கையில் இல்லாதவை' என்று எழுதினால் போதும்.

இனி முக்கியமான கேள்வி. அதே கதவு காங்கிரஸின் மற்ற தலைவர்களான சரத் பவாருக்கும் அர்ஜுன் சிங்குக்கும் திறந்துதானே இருந்தது? ஏன் ராவ்? ஆந்திர முதல்வராக இருந்தவர். மத்தியில் வெளியுறவு, உள்துறை, பாதுகாப்பு எல்லாம் பார்த்தவர். பெரிய கோஷ்டி இல்லை, உடம்பும் சரியில்லை என்பதால் அவரைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. இந்தக் கடைசிக் காரணத்தை 'அவர் கையில் இல்லாதவை' பக்கத்தில் எழுதுவதா, அவர் உழைப்புக்கான பக்கத்தில் எழுதுவதா என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும், விடை அவர்களே கண்டுபிடிக்க வேண்டியது.

பதவி கிடைத்த பிறகு நாள் எண்ணுங்கள். ஜூன் 21 பதவியேற்பு. ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாய் மதிப்புக் குறைப்பு. ஜூலை 24 அன்று புதிய தொழில் கொள்கை, அதே நாள் நிதியமைச்சர் மன்மோகன் சிங்கின் பட்ஜெட். 18 தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டிய கட்டாயம் போனது. தொழில்துறையை ராவ் தன்னிடமே வைத்திருந்தார். மொத்தம் 33 நாள், அதுவும் பெரும்பான்மை இல்லாத அரசு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் இவ்வளவு வேலை இருக்காது. சரி, இங்கேயும் தற்செயல் உண்டு: நிதியமைச்சர் பதவிக்கு முதலில் கேட்கப்பட்ட பொருளாதார நிபுணர் ஐ.ஜி. படேல் மறுத்துவிட்டார். அந்நியச் செலாவணி கரைந்துபோன நெருக்கடியும் ராவ் உண்டாக்கியது அல்ல, ஆனால் எதிர்ப்பை அடக்க அது உதவியது. இரண்டையும் 'அவர் கையில் இல்லாதவை' பக்கத்தில் சேருங்கள்.

தோல்விகளுக்கும் இதே கணக்குதான். 1992 டிசம்பர் 6, பாபர் மசூதி இடிப்பு. மத்திய அரசின் அதிகாரம் அவரிடம் இருந்தது. 'கெட்ட நேரம்' என்று அதைத் தள்ளிவிட நான் ஒரு பிள்ளையையும் விடமாட்டேன்.

அடுத்த வாரம் அமெரிக்க அதிபரான ஹாரி ட்ரூமனைப் போட்டுப் பாருங்கள். துணை அதிபராக 82 நாள்தான் இருந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தார். ஏப்ரல் 11-லிருந்து தொடங்குங்கள்.