பழைய கேமிங் கம்ப்யூட்டருக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும்: கடைக்குப் போகுமுன் கேபினெட்டைத் திறங்கள்

2014-ல் என் தம்பிக்காகக் கட்டிய கம்ப்யூட்டர் இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கோர் ஐ5-4590 பிராசஸர், பி85 மதர்போர்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. இதையெல்லாம் பழைய இரும்புக்குப் போடு என்று சொல்கிறவர்கள் நிறைய. நான் சொல்ல மாட்டேன், மூன்று பாகங்களை மாற்றியதும் அது மறுபடி ஆசையாக விளையாடும் மெஷின் ஆகிவிட்டது. கார்டு, ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான ஸ்டோரேஜான எஸ்எஸ்டி, அப்புறம் யாரும் யோசிக்காத எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. அந்த மூன்றாவதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருப்பதை விட்டுவிட்டு, 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், ஏனென்றால் கார்டும் பிராசஸரும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் அதிலிருந்துதான். எங்களுடையதில் 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட், அவ்வளவுதான். ஐ5-4590-க்கு 84 வாட், நான் வாங்க நினைத்த ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட். கூட்டிப் பாருங்கள், சரியாக 216. ஃபேனுக்கும் டிஸ்க்குக்கும் ஒன்றும் மிச்சமில்லை.

750 டிஐ வெறும் 60 வாட் கார்டு. கார்டு உட்காரும் மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் அதற்குத் தனி கேபிள் தேவைப்படவில்லை. 6600-க்கு 8-பின் கேபிள் வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லாவிட்டால், மோலெக்ஸ் என்கிற பழைய 4-பின் கனெக்டரிலிருந்து 8-பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் கேபிளைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். வாங்காதீர்கள். எனக்கு அப்படி ஒன்று தந்தார்கள், மாட்டி இருபது நிமிஷம் கேம் ஓடியதும் பிளாஸ்டிக் கருகும் வாசனை, அணைத்துக் கழற்றினால் மஞ்சள் வயர் நுழையும் இடத்தில் வெள்ளைக் கனெக்டர் பழுப்பேறி இளகியிருந்தது. நல்ல கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் வாங்குங்கள். நாளைக்கு மதர்போர்டையே மாற்றினாலும் அது கூட வரும்.

சரி, கார்டு. ஆர்எக்ஸ் 6600 பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் 8 லேன்களைத்தான், அதாவது டேட்டா போகும் பாதைகளைத்தான், பயன்படுத்தும். பி85 போர்டில் வேகமான 3.0 ஸ்லாட் என்பதால் இழப்பு சொற்பம், எச்81 போர்டில் மெதுவான 2.0 என்பதால் கொஞ்சம் உறைக்கும். அந்த மாதிரி போர்டுக்கு 16 லேனும் பயன்படுத்தும் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் பொருத்தமாக இருக்கும். விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீர்கள், அதற்கு 4 லேன்தான், மெமரியும் பெரும்பாலும் 4 ஜிபி, பழைய போர்டில் திணறும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (பிராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே சமயத்தில் அணுகுவது) வசதி வேண்டும், 2014 காலத்துப் போர்டுகளில் அது கிடையாது. ஜிடிஎக்ஸ் 1060 மலிவாகக் கண்ணில் படும், ஆனால் அந்த வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது.

இதற்கு மேல் பெரிய கார்டு போட்டு இந்த ஐ5-க்குப் பிரயோஜனம் இல்லை. கார்டும் பிராசஸரும் எவ்வளவு உழைக்கின்றன என்று காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரைத் திரையில் ஓடவிட்டு உங்களுக்குப் பிடித்த கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். கார்டு 99 சதவீதத்தில் நின்றால் கார்டுதான் தடை. பிராசஸர் நூறைத் தொட்டுக்கொண்டு கார்டு அறுபதில் அலைந்தால், அதே சாக்கெட்டில் உட்காரும் பழைய ஐ7-4770 தேடுவதுதான் புத்திசாலித்தனம். உங்கள் மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள், புது கார்டுகளில் அது இருக்காது.

மாட்டுவதற்கு முன் மதர்போர்டின் அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸைக் கடைசி வெர்ஷனுக்கு அப்டேட் செய்யுங்கள், இல்லையென்றால் சில பழைய போர்டுகள் புது கார்டுக்கு டிஸ்ப்ளே தராது. பழைய டிரைவரை சேஃப் மோடில் போய் டிடியு என்ற டிரைவர் நீக்கும் சாஃப்ட்வேர் கொண்டு நீக்குங்கள். பவர் கேபிளைப் பிடுங்கி, ஆன் பட்டனை ஒருமுறை அழுத்தி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய கார்டை எடுக்கும்போது ஸ்லாட்டின் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கொக்கியை அமுக்கிக்கொண்டே தூக்க வேண்டும். வருஷக்கணக்கில் தூசி ஏறி அது இறுகியிருக்கும், பலத்தைக் காட்டினால் ஸ்லாட்டோடு வந்துவிடும். புது கார்டு டக் என்று உட்கார்ந்ததும் ஸ்க்ரூ, பிறகு 8-பின். மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகுங்கள், போர்டில் அல்ல.

ஸ்டோரேஜுக்கு வருவோம். கேம் ஆடாதவருக்குக்கூட இதுதான் பெரிய மாற்றமாகத் தெரியும். பி85 போர்டுகளில் குச்சி வடிவ எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட்டைத் தேடாதீர்கள், கார்டு மாதிரி அடாப்டர் போட்டாலும் பழைய பயாஸ் பெரும்பாலும் அந்த என்விஎம்இ வகை எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆகாது. ஹார்டு டிஸ்க் மாதிரியே சாட்டா கேபிளில் மாட்டும் 2.5 இன்ச் எஸ்எஸ்டி போதும், நொடிக்கு 550 எம்பி வரை வரும். அதை நொடிக்கு 6 ஜிகாபிட் சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள், இந்தப் போர்டுகளில் 3 ஜிகாபிட் போர்ட்டும் கலந்திருக்கும், நிறம் வேறாக இருக்கலாம், மேனுவலைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பயாஸில் சாட்டா மோடு ஏஹெச்சிஐ என்று இருக்க வேண்டும்.

விண்டோஸைப் புதிதாகப் போடுவதையே நான் விரும்புவேன். போடும்போது பழைய ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள், இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் எஸ்எஸ்டியில் ஏறினாலும் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடலாம். ஒரு வருஷம் கழித்து அந்த டிஸ்க் செத்தால் எஸ்எஸ்டி நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் எழும்பாது. இந்த பிராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஹார்டு டிஸ்க்கை மறுபடி மாட்டி, அதில் இருக்கும் ஸ்டீம் லைப்ரரி ஃபோல்டரை ஸ்டீம் செட்டிங்ஸில் சேர்த்தால் எதையும் திரும்ப டவுன்லோட் செய்யத் தேவையில்லை. தினமும் ஆடும் இரண்டு மூன்று கேமை மட்டும் எஸ்எஸ்டிக்கு நகர்த்துங்கள். பழைய விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனை இரண்டு வாரம் அப்படியே விட்டுவையுங்கள், டெஸ்க்டாப்பிலும் டாக்குமெண்ட்ஸிலும் மறந்துபோன ஃபோட்டோக்களும் சேவ் ஃபைல்களும் கட்டாயம் ஏதாவது இருக்கும், எடுத்துக்கொண்ட பிறகு ஃபார்மட் செய்யலாம்.