கொரியச் சிற்றூர்களில் பழைய கடை தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் தென்கொரியாவின் துறைமுக ஊரான குன்சானில் ஓர் உணவகத்தின் வாசலில் நம் ஊர்ப் பையன்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் கைபேசியைப் பார்த்து, "இந்தக் கடை நூறு வருஷமா நடக்குது" என்று பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. அதே வாக்கியத்தை ஒரு காலத்தில் நான் அச்சிலேயே ஏற்றியவன்.

கொரியர்கள் பயன்படுத்தும் நேவர் வரைபடச் செயலியைக் கைபேசியில் போட்டுக்கொள்வது, விடுமுறை நாள் பார்ப்பது போன்றவற்றை ஒரு நாள் அலைந்தாலே தெரிந்துகொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பலகையில் இருக்கும் 'நூறு'

சில பழைய கடைகளின் பலகையில் இருக்கும் 'பெங்நியொன் காகே' என்பதற்கு நேர்ப்பொருள் நூற்றாண்டுக் கடை. ஆனால் அது கடையின் வயது அல்ல. சிறுதொழில் அமைச்சகம் 2018-இல் தொடங்கிய அங்கீகாரம் அது. முப்பது வருடத்துக்கு மேல் நடந்துவரும் கடைகளைத் தேர்ந்தெடுத்து, நூறு வருடம் நிலைக்கட்டும் என்ற எண்ணத்தில் கொடுத்த பெயர். முப்பதுதானா என்று தோன்றலாம். 1945 வரை ஜப்பானிய ஆட்சி, 1950 முதல் 1953 வரை போர், அதன்பின் தெருத்தெருவாக இடித்துக் கட்டிய வேகம். இவ்வளவுக்கும் நடுவே ஒரு நூடுல்ஸ் கடை முப்பது வருடம் அதே அடுப்பில் நிற்பது பெரிய காரியம். இப்படிப்பட்ட பழங்கடைகளை அங்கே 'நோபோ' என்பார்கள்.

எனக்கு அப்போது இது தெரியாது. அலுவலக நண்பர்களைத் தெற்கே ஒரு சிற்றூருக்கு அழைத்துப்போக ஒரு வழித்தாள் தயாரித்தேன். ஒரு கல்குக்சு (கத்தியால் நறுக்கிய நூடுல்ஸ்) கடையின் பலகையைப் பார்த்துவிட்டு, '1918 முதல்' என்று நானே கணக்குப் போட்டு எழுதி, இருநூறு பிரதி அச்சடித்தேன். கடைக்காரம்மாவிடம் ஒன்றைப் பெருமையாக நீட்டினேன். அவர் அந்த ஆண்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தான் ரயில் நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் தொடங்கியதையும், பத்து வருடம் கழித்தே இந்த இடத்தை வாடகைக்குப் பிடித்ததையும் சொன்னார். "இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டார். மாவு பிசைந்து விரல் மூட்டெல்லாம் வீங்கிய கை அது. அந்தக் கை உழைத்த காலத்தை அழித்துவிட்டு, யாரோ முகம் தெரியாத முன்னோருக்கு நான் கொடுத்திருந்தேன். அடுத்த வசந்தத்தில் திருத்திய தாளோடு போனேன். கடை மூடியிருந்தது. இன்றும் அந்தப் பலகையை யாராவது தப்பாகப் படித்தால் எனக்குப் பொறுக்காது.

ஆண்டு வேண்டுமென்றால் கேளுங்கள். கடை எப்போது தொடங்கியது, இந்த இடத்துக்கு எப்போது வந்தது, கட்டடம் எப்போது கட்டியது, இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். குன்சானின் இசொங்தாங் ரொட்டிக்கடை 1945-இல் தொடங்கியது. அதற்கு முன் அங்கே ஜப்பானியர் நடத்திய இஸுமோயா என்ற இனிப்புக்கடை இருந்தது. அந்த வருடங்களையும் சேர்த்து இசொங்தாங்கின் வயதைக் கூட்டிச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு செல்லாது.

இன்னொன்று. அந்த அங்கீகாரம் கடையைக் காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள். சியோலில் 1980-இல் தொடங்கிய 'ஊல்ஜிரோ ஓபி பேர்' என்ற பீர்க்கடை 2018-இலேயே இந்தப் பட்டியலில் இடம்பெற்றது. 2022 ஏப்ரலில் ஆள் வைத்து அதைக் காலி செய்தார்கள். போக நினைத்த கடைக்கு இந்த வாரமே போய்விடுங்கள்.

கோட்டைவாசல் என்றாலே ஜோசன் காலம் என்பது

ஜோசன் என்பது ஜப்பானிய ஆட்சிக்கு முன் கொரியாவை ஆண்ட அரச மரபு. தெற்கிலுள்ள நாஜு ஊரில் நான்கு கோட்டைவாசல்களும் கம்பீரமாக நிற்கின்றன. பழைய வாசல்களும் மதிலும் ஜப்பானிய ஆட்சியில் அழிந்தன. இப்போதிருப்பவை 1993 முதல் ஒவ்வொன்றாக மீண்டும் எழுப்பியவை. ஜோசன் காலத்தைப் பார்க்க ஊர் நடுவிலுள்ள கும்சொங்க்வானுக்குப் போங்கள். அரசரின் பெயரால் வைத்த பலகைக்கு அதிகாரிகள் வணக்கம் செலுத்திய மண்டபம் அது. வெளியே வந்தால் எதிரிலேயே கோம்தாங் கடைகள். தெளிந்த மாட்டிறைச்சிச் சாறு, சோறு அதற்குள்ளேயே இருக்கும்.

'என்ன அழகு' என்று படம் எடுத்துவிட்டு நகர்வது

குன்சான் துறைமுகம் 1899-இல் திறந்தது. 1908-இல் கட்டிய செங்கல் சுங்கக் கட்டடத்தின் முன் எல்லாரும் நின்று படம் எடுக்கிறார்கள். ஹோனாம் சமவெளியின் நெல்லை அரிசியாக்கி ஜப்பானுக்குக் கப்பலேற்றிய ஊர் இது. வங்கியும் சுங்கமும் அதற்காகவே வந்தன. அங்குள்ள தோங்குக்சா ஜப்பானிய பாணிப் பௌத்தக் கோயில். அதன் முற்றத்தில், தங்கள் மரபு அந்த ஆட்சிக்குத் துணைபோனதற்கு மன்னிப்புக் கேட்டு ஜப்பானியத் துறவிகள் 2012-இல் நிறுவிய கல்வெட்டு இருக்கிறது. கூரையைப் படம் எடுத்துவிட்டு அதைப் பார்க்காமல் திரும்புபவர்களே அதிகம்.

'வொன்ஜோ' பலகையை நம்புவது

'இதுதான் அசல்' என்று பொருள். ஒரே சந்தில் நான்கு கடையில் தொங்கும்.

வயதான அம்மாவை 'ஹல்மொனி' என்பது

பாட்டி என்று கூப்பிட்டால் சிலருக்கு முகம் மாறும். பழகியவர்கள் 'ஈமோ' என்பார்கள், நம் சித்தி, பெரியம்மா போல. முதல் நாளில் 'சாஜாங்னிம்' போதும். முதலாளியம்மா என்ற மரியாதை அதில் இருக்கிறது.

சந்தை நாள் பார்க்காமல் கிளம்புவது

சிற்றூர்ச் சந்தை ஐந்து நாளைக்கு ஒருமுறை. ஜொங்சொனில் 2, 7 என முடியும் தேதிகள்.

கேட்காமல் படம் எடுப்பது

முதலில் சாப்பிடுங்கள்.