டோக்கியோ தெருவில் வேடிக்கை பார்க்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோ தெருக்களில் விசித்திரமாகத் தெரிகிற பல பொருள்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அது தெரியாமல் கை வைப்பதுதான் சுற்றுலா வருகிறவர்கள் அடிக்கடி செய்கிற தவறு.

குப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். தெரு பளிச்சென்று இருக்கும், தொட்டி மட்டும் கண்ணில் படாது. 1995 மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கும்பல் சுரங்க ரயில்களில் சரின் நச்சுவாயுவைப் பரப்பியது. அதன்பின் பாதுகாப்புக்காக ரயில் நிலையங்களிலும் பொது இடங்களிலும் தொட்டிகளை எடுத்தார்கள். நிறைய இடங்களில் திரும்ப வைக்கவே இல்லை. பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வட்ட ஓட்டையோடு ஒரு பெட்டி நிற்கும். ஆகா, தொட்டி கிடைத்தது என்று காபி கப்பையும் சாப்பாட்டுக் கவரையும் அதில் திணிக்காதீர்கள். காலி பாட்டில், கேன் மட்டும் மறுசுழற்சிக்குப் போகிற பெட்டி அது. ஒரு கப் சிக்கினாலும் ஓட்டை அடைத்துக்கொள்ளும். பையில் ஒரு கேரி பேக் வைத்துக்கொண்டு, குப்பையை அறைக்கே கொண்டுபோய்விடுங்கள். ஊர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நடைபாதையில் புடைப்போடு ஓடுகிற மஞ்சள் தரை ஓடுகள் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டுபவை. 1967இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். அதன்மேல் பயணப் பெட்டியை நிறுத்திவிட்டு மேப் பார்ப்பது, கைத்தடியோடு வருகிறவரைத் தடுக்கி விழவைக்கிற காரியம்.

சந்துச் சுவர்களின் அடியில் சின்னதாக, சிவப்பில் கோயில் வாசல் வடிவம் தெரிந்தால் கும்பிடவோ காசு வைக்கவோ வேண்டாம். நம் ஊர்ச் சுவரில் சாமி படம் பதித்த டைல்ஸ் எதற்கோ, அதற்குத்தான் அதுவும்! வீட்டு வாசலில் வரிசையாக நிற்கும் தண்ணீர் பாட்டில்களும் வேண்டுதல் இல்லை, பூனை வராமலிருக்க வைத்தவை. பூனைகள் அதைக் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை. அது வேறு கதை.

எல்லாத் திசையிலிருந்தும் கூட்டம் ஒரே நேரத்தில் சாலையைக் கடக்கிற ஷிபுயா சந்திப்பின் நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். பச்சை விளக்கு சீக்கிரம் அணைந்துவிடும், பின்னால் வருகிறவர்கள் உங்கள் மேல் மோதுவார்கள். அங்கே உள்ள ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிலையத்திலிருந்து இனோகஷிரா ரயில் பாதைக்குப் போகிற மேல்தளக் கூடத்தின் கண்ணாடி வழியாக மொத்தக் காட்சியும் இலவசமாகவே தெரியும்.

எஸ்கலேட்டரில் இங்கே இடதுபக்கம் நிற்பது வழக்கம், ஒசாகாவில் வலது. முன்னால் நிற்பவரைப் பார்த்து நின்றால் போதும்.

இரவில் பார்கள் நிறைந்த கபுகிச்சோ பகுதிப் பக்கம் போனால் சிரித்த முகத்தோடு யாராவது கூடவே நடந்து வந்து, மலிவான பார் இருக்கிறது என்பார்கள். போகாதீர்கள். உள்ளே போனபின் பில் எகிறும். அப்படி அழைப்பவர்களை நம்பாதீர்கள் என்று அந்தத் தெருவிலேயே ஒலிபெருக்கி எச்சரிக்கிறது. வேடிக்கை பார்க்கிற ஆர்வத்தில் அது பலர் காதில் விழுவதில்லை.

அப்புறம் டாக்சி. பின்கதவை ஓட்டுநரே உள்ளிருந்து திறப்பார், அவரே மூடுவார். திறக்கும்போது கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், இறங்கியதும் அறைந்து சாத்தாதீர்கள். டிப்ஸும் தர வேண்டாம்.