திருப்புதல் நேரத்தைக் கட் ஆஃப் கணக்குப்படி பங்கிடுங்கள்

பொறியியல் படிக்க விரும்பும் பிளஸ் டூ மாணவர்கள், திருப்புதல் நாட்களில் இயற்பியலுக்குத் தருவதைப் போல இரு மடங்கு நேரத்தைக் கணிதத்துக்கு ஒதுக்க வேண்டும். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் தரவரிசையை முடிவு செய்யும் 200 மதிப்பெண் கட் ஆஃபில் கணித மதிப்பெண் 100க்கு அப்படியே சேர, இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கு என்று பாதியாகக் குறைக்கப்படுவதால், கணிதத்தில் இழக்கும் ஒரு மதிப்பெண்ணை ஈடுசெய்ய மற்றொன்றில் இரண்டு தேவைப்படுகிறது. கட் ஆஃப் சமமானாலும் முதலில் பார்க்கப்படுவது கணிதமே. கிண்டி பொறியியல் கல்லூரி போன்ற போட்டி மிகுந்த இடங்களில் அரை மதிப்பெண்கூட விரும்பிய பாடப்பிரிவைத் தட்டிப் பறித்துவிடும்.

கணிதத்தில் ஏற்கெனவே நூறை நெருங்குபவர்கள் மீதி நேரத்தை வேதியியலுக்குத் தருவதே சரி. நீட் எழுதி மருத்துவத்துக்குச் செல்வோருக்கும், கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்வோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.