யாழ்ப்பாணத்து வீட்டுக்குச் செற்றி எடுக்கப் போகிறீர்களா? முதலில் கதவு நிலையை அளவுங்கள்

எங்கள் ஹோலுக்கு ஒரு செற்றி எடுத்து இறக்கிய கையோடு இதை எழுதுகிறேன். காசுக் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நிறம் பார்ப்பது கடைசி வேலை.

கையில் இருக்க வேண்டியவை 5 மீற்றர் இரும்பு ரேப், வெண்கட்டி, கொஞ்சம் நூல். தையல் ரேப் வேண்டாம், பழசானால் இழுபட்டிருக்கும். போனில் அளக்கும் செயலியையும் நான் நம்புவதில்லை. ஓர் அங்குலம் பிசகினாலும் சாமானை ஏற்றி வந்த பட்டாக்காரர் (சின்ன லொறிக்காரர்) வாசலில் நிற்க, நீங்கள் முழிக்க வேண்டிவரும்.

1. நிலத்தில் கீறுங்கள்

மூன்று பேர் இருக்கும் செற்றி 6 முதல் 7 அடி நீளமும் 3 அடி வரை ஆழமும் வரும். அந்த அளவை வெண்கட்டியால் கீறிவிட்டு, சில நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். நடைக்கு இரண்டரை அடியாவது விடுங்கள். ரீப்போவுக்கும் செற்றிக்கும் இடையில் ஒன்றரை அடி போதும்.

எல் வடிவச் செற்றியில் எனக்கு விருப்பமில்லை. வீட்டில் ஒரு சாமத்தியச் சடங்கு, எட்டுச்செலவு என்று வந்தால் தளபாடத்தை எல்லாம் ஒதுக்கிப் பாய் விரிக்கிற ஊர் இது. இரண்டு பேர் தூக்கி விறாந்தையில் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

2. உள்ளே போகுமா?

எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். கதவின் அகலம் 3 அடி என்பார்கள். அது நிலையின் வெளி அளவாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது கதவை முழுக்கத் திறந்தபின் மிஞ்சும் இடைவெளி. கதவுப் பலகையின் தடிப்பே ஒன்றரை அங்குலத்தைச் சாப்பிட்டுவிடும். பிணைச்சலில் இருந்து கதவைக் கழற்றினால் அதுவும் உங்களுக்குத்தான்.

அடுத்தது செற்றி. அதன் பக்கவாட்டில் நின்று, சாய்வின் உச்சியிலிருந்து கைபிடியின் முன்நுனி வரை நூலை இழுத்துப் பிடியுங்கள். பின்பக்க அடிமூலையிலிருந்து அந்த நூலுக்கு நேர்செங்குத்தாக எவ்வளவு என்று அளவுங்கள். செற்றியை ஒரு கைபிடிப் பக்கம் நிலத்தில் நிற்கும்படி நெட்டாக நிமிர்த்தி, நிலையைச் சுற்றித் திருப்பி நுழைக்கும்போது கதவு கேட்கும் அகலம் அதுதான். கடைக்காரர் சொல்லும் ஆழத்தைவிட இது குறைவாகவே வரும். அதனால் போகாது என்று தோன்றுவதும் சில நேரம் போய்விடும்.

நிமிர்த்துவதற்கும் இடம் வேண்டும். 78 அங்குல நீளமும் 34 அங்குல ஆழமும் உள்ள செற்றி, நிமிரும்போது ஒரு கட்டத்தில் கிட்டத்தட்ட 85 அங்குல உயரம் கேட்கும். ஹோலுக்குள் பிரச்சினையில்லை. பழைய வீட்டு விறாந்தையில் ஓட்டுக்கூரை வாசல் பக்கம் தாழ்ந்துகொண்டு வருமே, அங்கேதான் முட்டும். முற்றத்திலிருந்து ஹோல் வரை போகும் வழி முழுவதையும் ரேப்போடு நடந்து பாருங்கள்.

3. மரமும் சட்டமும்

கடையில் செற்றியின் முன்கால் ஒன்றைப் பிடித்து அரை அடி தூக்குங்கள். மற்ற முன்காலும் கூடவே எழும்ப வேண்டும். அது நிலத்திலேயே கிடந்து சட்டம் முறுகினால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். பிறகு குனிந்து அடியில் பாருங்கள். மெல்லிய மா கொட்டியிருந்தாலோ ஊசித்துளை தெரிந்தாலோ மரம் உளுக்கத் தொடங்கிவிட்டது.

என் விருப்பம் தேக்கு. கை கடித்தால் மகோகனி. நன்றாகக் காய்ந்த வேம்பும் குறைவில்லை. மரத்தூள் பலகையில் செய்தது மாரி ஈரத்தில் ஊதிப்போகும். ஊரிலேயே நல்ல ஓடாவியார் ஒருவர் கிடைத்தால், மரக்காலையில் மரம் எடுத்துக் கொடுத்துச் செய்விப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. மொறட்டுவைச் சாமானைப் படத்தில் பார்த்து எடுப்பதைவிட, கண்முன்னே இழைத்த மரத்தில் நம்பிக்கை அதிகம்.

கால் 5 அங்குலமாவது இருக்கட்டும், தும்புத்தடி உள்ளே போக வேண்டும். கறையான் ஏறினாலும் வேளைக்கே கண்ணில் படும்.

4. ஸ்பொஞ்சும் துணியும்

இருக்கைக்கு 32 அல்லது அதற்கு மேற்பட்ட அடர்த்தி கேளுங்கள். ஒரு கனமீற்றரில் எத்தனை கிலோ என்பதே அந்த எண். கடினத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கல்லுப்போல இருப்பதும் சீக்கிரம் அமுங்கலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இருக்கையின் உயரம் 18 அங்குலம் நல்லது. அம்மம்மா இருந்து எழும்பிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

றெக்சின் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் முதுகோடு ஒட்டும். மலிவான செயற்கைத் தோலின் பொலியூரித்தேன் பூச்சு ஈரப்பதத்தில் சிதைந்து செதில் செதிலாக உரியும். சிப் வைத்த பருத்தி உறை போடுங்கள், கழற்றித் தோய்க்கலாம். வலிகாமப் பக்கம் என்றால் வெள்ளையை மறந்துவிடுங்கள், செம்மண் இருக்கிறது. எண்ணெய்த் தலை சாயும் இடத்துக்குத் தனியாக ஒரு துண்டு.

5. பில்

மரத்தின் பெயர், ஸ்பொஞ் அடர்த்தி, நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்.

பிறகு சேர்த்தது: மாடி வீட்டுக்காரர் இருவர் படிக்கட்டைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். படி திரும்பும் மேடையின் அகலத்தையும், கைபிடிச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரையும் அளவுங்கள். இடம் காணாவிட்டால் கைகள் போல்ட்டில் பூட்டிய செற்றியாகப் பாருங்கள். கழற்றி ஏற்றி மேலே பூட்டலாம். கால் மட்டும் கழலும் செற்றியால் படிக்கட்டில் பெரிய உதவி இல்லை.